நர்ஸ் என்று சொல்லிவிடுங்கள்

"சாயங்காலம் வண்டி வருது. கடைசி நாள்ல நம்ம வீட்ல இருக்கறதுதான் மரியாதை," என்றார் தையல்காரியின் அண்ணன். கட்டிலில் கிடந்த தங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரியான நான் அங்கே போனது, எப்போதோ கொடுத்த கிண்ணத்தைத் திருப்பி வாங்க. அண்ணனும் அண்ணியும் சூட்கேஸோடு மாடியேறுவதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கிண்ணத்தின் அருமை எனக்குத் தெரிந்தது.

தையல்காரிக்கு ஈரலில் புற்றுநோய். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பார்த்துக்கொள்வது கண்டக்டரம்மா. இருபது வருஷமாக இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒன்றுவிட்ட அக்காவா, வாடகையில் பங்காளியா என்று எங்கள் தெரு ஆராய்ந்துகொண்டே இருந்தது. ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவி நான்தான்.

"நீங்களே சொல்லுங்கக்கா, ஊர் என்ன பேசும்?" என்றாள் அண்ணி. ஊர் என்றால் நான்தான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "இந்தம்மா யாருன்னு யாராவது கேட்டா, சம்பளத்துக்கு வெச்ச நர்ஸுன்னு சொல்லிடுங்க."

ஒரு விசிலில் பஸ்ஸையே அடக்குகிற கண்டக்டரம்மா, ஈரத்துணியைப் பிழிந்தபடி நின்றாள். "நானும் கூட வரட்டுமா?"

"அங்க குடும்பத்து ஆளுங்க மட்டுந்தான்மா."

தையல்காரி கண்ணைத் திறந்தாள். "எதிர்வீட்டக்கா, கிட்ட வாங்க. உங்க வாய்க்கு ஒரு வேலை தரேன். இவ எனக்கு யாருன்னுதானே இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கறீங்க? புருஷன் பொண்டாட்டி எப்படியோ, நாங்க அப்படி. வண்டி வர்றதுக்குள்ள தெரு முழுக்கத் தெரியணும்."

"என்ன பேச்சு பேசற நீ?" என்றார் அண்ணன்.

"உன் வீட்டுக்கு வந்தா அங்கயும் இதையேதான் பேசுவேண்ணே. வாய்க்கு இன்னும் கேன்சர் வரல."

நான் கண்டக்டரம்மாவைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு ரைட் கொடுப்பதுபோல் தலையசைத்தாள்.

யாரும் கேட்காமலே நான் செய்துவருகிற வேலை அது. உத்தரவோடு செய்யப் போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இஸ்திரிக் கடையில் ஒருவழியாகத் தொடங்கினேன். மருந்துக்கடைக்குப் போனபோது சேதி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. எனக்கே சொன்னார்கள், கொஞ்சம் கூட்டி.

வண்டி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. அண்ணன் கீழே வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். டிரைவரிடம் குனிந்து ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார். பின்னாலேயே சூட்கேஸும் இறங்கியது. மானத்துக்காகத் தங்கையைத் தூக்கிப்போக வந்தவர், அதே மானத்துக்காக விட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டார் கண்டக்டரம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பார்த்தால், எதிர்வீட்டு ஜன்னலின் திரை விலகியிருந்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கண்டக்டரம்மா தையல்காரியின் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் முடிந்து, அடுத்த கால்.

காபி ஆறும்வரை பார்த்தேன். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. இதற்குத்தான் அவர்களை இருபது வருஷம் திரை போட வைத்திருந்தோம்.