வளைவுக்கு அந்தப் பக்கம்

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவனுக்கு, சைக்கிளில் ஏறிவிட்டால் தன் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள் அவன் மனைவி. "கண்ணாடிக்காரரே, கண்ணு எங்கேயோ அங்கேதான் சைக்கிளும் போகும்!"

மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கினால் ஒரு கொண்டை ஊசி வளைவு. அவள் அதில் தண்ணீர் ஓடுகிற மாதிரி போய்விடுவாள். இவனோ நட்டநடு வளைவில் பிரேக்கைப் பிடித்து, சக்கரம் சறுக்கி, புதரில் போய் நிற்பான். நிமிர்ந்து பார்த்தால் அவள் இருக்க மாட்டாள். கீழே ஓடைக்கரையில் காத்திருப்பாள். ஞாயிறுதோறும் இதே கூத்துதான்.

நாளைக்கு அவள் விமானம் ஏறுகிறாள். அடிபட்ட விளையாட்டுக்காரர்களுக்குப் பிசியோதெரபி பார்க்கும் வேலை, கடல் கடந்து, இரண்டு வருஷத்துக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஏங்கிக் கிடந்த வேலை. இவனும் வாய் நிறைய 'போய்ட்டு வா' என்று சொல்லியிருந்தான். மனசுதான் ஒப்பவில்லை. அவள் போவதற்குள் ஒரு தடவையாவது வளைவில் அவளைத் தவறவிடாமல், கூடவே கீழே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அதற்காகச் சில வாரமாகவே தன் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை வைத்து, சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தான். இவருக்கு முற்றிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். அங்கே சரியாகத்தான் வந்தது. மலையில்தான் வரவில்லை. காரணமும் அவனுக்குத் தெரியும். பெட்டிகளைச் சுற்றும்போது அவள் முன்னால் போவதில்லை.

"இன்னிக்கு நீ முன்னாடி போ," என்றாள் அவள், மலைமேல் கிளம்பும்போது. "வளையறதுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுடு. வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், வெயிட்ட அதுல போடு. கண்ணு வளைவு முடியற இடத்துல."

இன்று பார்ப்பதற்கு அவள் முதுகு இல்லை, பாதை மட்டும்தான். சொன்னபடி செய்தான். சைக்கிள் சாய்ந்தது, சக்கரம் மண்ணைப் பிடித்தது, வளைவு தாண்டிவிட்டது. அட, இவ்வளவுதானா! ஓடைவரை கத்திக்கொண்டே இறங்கினான். "பார்த்தியா?" என்று திரும்பினால் பின்னால் யாரும் இல்லை.

கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான். வாராவாரம் அவளும் இப்படித்தானே நின்றிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. இனி இரண்டு வருஷம் இவன் முறை.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, தலையெல்லாம் இலை.

"விழுந்துட்டியா? நீயா?"

"வளைவப் பார்க்கலை. நீ போறதையே பார்த்துட்டு இருந்துட்டேன்."

அவன் ஓடைத் தண்ணீரை அள்ளி அவள் முழங்கையைக் கழுவிவிட்டான்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லாதப்பா. சொன்னா போகாம நின்னுடுவேன்."

அவள் நிஜமாகவே நின்றுவிடுவாள். ஒரு வார்த்தை போதும். அது வாய்வரை வந்துவிட்டது.

"எரியுதா?" என்று மட்டும் கேட்டான்.

"ரொம்ப," என்றாள்.