இணைச்சீருக்கு ஒரு கையெழுத்து

பாலுசாமி தன் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துப் பந்தியில், வாயில் மைசூர்பாகோடு, பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். கொங்கு நாடு எப்படி இத்தனை செழித்தது என்று புத்தகம் எழுதுகிற பேராசிரியர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

“உழைப்புங்க. அப்புறம் சிக்கனமுங்க. எல்லாத்துக்கும் மேல ஒத்துமைங்க. எங்க ஊட்டுல சொத்துக்குன்னு சண்டையே வந்ததில்லீங்க. பூமி ஒரே கையில இருந்தாத்தான் நாலு மிசினு நாப்பது மிசினாகும்.”

பேராசிரியர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்று உபசரித்துக்கொண்டிருந்த மகள் அக்ஷயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்துமையாம்! அந்த ஒத்துமைக்கு யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று இந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கிறாரா? அத்தைகள் இரண்டு பேரும் போட்டார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த பூமியில்தான் பெரியநாயக்கன்பாளையத்து மோட்டார் பம்புக் கம்பெனி நிற்கிறது. அவர்களுக்கு மிஞ்சியது தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சேலையும், பொறந்த ஊடு என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசலும்தான்.

இப்போது அவள் முறை. தாத்தா காலத்துப் பூமி, அப்பாவுக்கும் மகனுக்கும் போலவே மகளுக்கும் சமபங்கு உண்டு, அவள் தன் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் தம்பி கதிர்வேலின் புது பிளாண்டுக்கு லோன் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அக்ஷயா முழுப் பங்கெல்லாம் கேட்கவில்லை. கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலையை ஆறு வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். அந்த ஷெட்டும் அது நிற்கிற அரை ஏக்கரும் தன் பேருக்கு வேண்டும், மற்றதை விட்டுக்கொடுக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், பைத்தியக்காரி.

சாயங்காலம் மாப்பிள்ளை அறைக்குக் கூப்பிட்டார்கள். பத்திரமும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன. கதிர்வேல் பட்டு வேட்டியில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“போடு அம்மணி. திங்கக்கிழமை ரிஜிஸ்தர்.”

“ஷெட்டு எழுதியிருக்குதுங்களா?”

“கட்டிக்குடுத்த புள்ளைக்கு ஷெட்டு எதுக்கு? அம்பது பவுன் போட்டுத்தான அனுப்புனேன்?”

“பவுனு ஆறு வருசமா காயில் சுத்துலீங்கப்பா. நான் சுத்துனேன்.”

பாலுசாமி குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் வெட்டுவதைக்கூட வெண்ணெய் தடவித்தான் வெட்டுவார்கள்.

“செரி கண்ணு. போடாட்டி போ. இணைச்சீருக்கு உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பன் புள்ளை லோகப்பிரியா நிக்கட்டும்.”

 மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் மணவறையில் ஏறி, கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடமும் மறுமுனை இவளிடமுமாக நிற்கிற சீர் அது. சொந்த அக்காள் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி நின்றால், இவள் எங்களுக்கு இல்லை என்று ஊருக்கு முன்னால் சொன்ன மாதிரி. தம்பி ஒரு வார்த்தை சொல்வான் என்று அக்ஷயா பார்த்தாள்.

“எதுக்குக்கா வம்பு? போட்டுரு,” என்றான் கதிர்வேல், செல்போனை விட்டுத் தலையை எடுக்காமல்.

லோகப்பிரியா ஏற்கெனவே பட்டுக் கட்டி, பூ வைத்து வாசலில் நின்றிருந்தாள். போன வருஷம் தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தவள். அக்ஷயா அவள் கையைப் பிடித்தாள்.

“நீயாச்சும் மாட்டேன்னு சொல்லு லோகு.”

“நான் போடுலயா? நீ மட்டும் என்ன ஒசத்தியா?” கையை உதறிக்கொண்டு போனாள்.

மேளம் கொட்டியது. சீர் செய்கிற அருமைக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட, லோகப்பிரியா மணவறை ஏறினாள். கூட்டத்தில் பெண்கள் குசுகுசுத்தார்கள். “அவ பங்கு கேட்டாளாமா.” கேட்டவளைத்தான் திட்டினார்கள். பேராசிரியர் முன்னால் ஓடிப்போய், கூடப்பிறந்த பாசத்தைப் போட்டோ எடுத்தார்.

அக்ஷயா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். முதலில் அவமானமாக இருந்தது. தம்பி லோகப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தபோது நெஞ்சு எரிந்தது. அதற்குப் பிறகு பயம் மட்டும் காணாமல் போயிருந்தது. இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது அவள் கண்முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

சீர் முடிந்ததும் பாலுசாமி பத்திரத்தோடு அவளைத் தேடி வந்தார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

“பாத்தியா கண்ணு, ஊருச்சனம் என்ன பேசுதுன்னு? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகுல. இதைப் போட்டுரு. அப்பன் எல்லாம் சமாளிச்சுக்கறேன்.”

அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்து வந்தவர். அவள் முகத்தில் ஈரமே இல்லை.

“பொறந்த ஊடு போயிருமேன்னுதானுங்க இத்தனை நாளு பயந்தேன். அதைத்தான் இப்ப மேடையேத்தி அவகிட்டக் குடுத்துப்போட்டீங்களே. இனி எதை வெச்சு மெரட்டுவீங்க?”

பாலுசாமி பேனாவை இன்னும் கிட்டத்தில் நீட்டினார். “லோனு நிக்குது அம்மணி,” என்றார். குரல் முதல் தடவையாகத் தடுமாறியது.

“நிக்கட்டுமுங்க. அரை ஏக்கரு மகளாக் கேட்டதுங்கப்பா. இனிச் சட்டப்படி மூணுல ஒரு பங்கு.”