நாலு நாளில் வந்த மோதிரம்

வெஸ்ட்மோர்லாந்து சீமையில் ஒரு பிணம் விழுந்தால் நீதிபதிக்கு முன்னால் தியடோஷா சீமாட்டிக்குத்தான் ஆள் போகும். மூன்று கொலைகாரர்களைப் பிடித்துக் கொடுத்தவள். 1761-ல் அவளுடைய சொந்த அண்ணனையே யாரோ விஷம் வைத்துக் கொன்றபோதும் அவள்தான் துப்புத் துலக்கினாள். சமையற்கட்டில் வேலை செய்த ஹெஸ்டரின் பெட்டியில் எலிப் பாஷாணம் இருந்தது. வெள்ளிக்கிழமை தீர்ப்பு, திங்கட்கிழமை தூக்கு. கொலைக்கு அந்த நாட்டுச் சட்டம் அதற்கு மேல் அவகாசம் தராது.

சனிக்கிழமை காலை, லண்டனிலிருந்து இன்னும் கொஞ்சம் கறுப்புத் துணி தருவிக்கச் சொன்னாள் சீமாட்டி. போக நாலு நாள், வர நாலு நாள் ஆகுமே என்றார் காரியஸ்தர். சரி என்றவளின் பார்வை தன் விரலில் விழுந்தது. மோதிரத்தைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தாள்.

விரலில் கிடந்தது துக்க மோதிரம். செத்தவர் பெயரையும் வயதையும் பொறித்து, அடக்கத்தன்று உறவினருக்குக் கொடுப்பது. அண்ணன் செத்தது ஒரு திங்கள், அடக்கம் அதே வார வெள்ளி. மோதிரத்தின் உட்புறம் லண்டன் பொற்கொல்லனின் முத்திரை. அப்படியென்றால் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவருக்குத் துக்க மோதிரம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செய்யச் சொன்னவன், அண்ணனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த அவர் மகன் ஆம்புரோஸ்.

மூன்று வாரமாக அதைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள், மகா கெட்டிக்காரி! ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று கேட்கும் பழக்கம் அந்த வம்சத்துக்கே கிடையாது. கையை நீட்டினால் வரும், அவ்வளவுதான். கொன்றவனுக்கும் அதே திமிர். அவனும் நாளைக் கணக்குப் பார்க்கவில்லை.

கேட்டதற்கு, அத்தைக்கு வயதாகிவிட்டது என்று சிரித்துவிட்டுக் குதிரையேறிப் போனான் ஆம்புரோஸ். நீதிபதியிடம் ஓடினாள். அவர் மோதிரத்தைத் தொடக்கூட இல்லை.

"நேத்து பைபிள் மேல கைய வச்சு சாட்சி சொன்ன சீமாட்டிய நம்பறதா, இன்னிக்கு வந்து நிக்கற சீமாட்டிய நம்பறதா?"

அரசரிடம் ஹெஸ்டருக்கு உயிர் மன்னிப்புக் கேட்கலாமென்றால், லண்டன் நாலு நாள்.

சிறையில் ஹெஸ்டர் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது தேவலை.

"நீங்க கண்டுபிடிச்சா தப்பே வராதுன்னு எங்கம்மா என்னை வந்து பாக்கக்கூட இல்லம்மா. நான் செய்யலன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்."

இதுவாவது முடியுமே என்று ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் டார்க்கஸின் குடிசைக்குப் போனாள். நடந்ததெல்லாம் சொன்னாள். தன் தப்புதான், தன் தப்புதான் என்று சேற்றில் மண்டியிட்டு அழுதாள். பிரபு வீட்டுப் பெண் தன் காலடியில் கிடப்பதைப் பார்க்க டார்க்கஸுக்குப் பதறிப்போயிற்று. தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. பெத்த வயிறு எரியுதேன்னு எனக்காகப் பொய் சொல்றீங்க. வேணாம், விடுங்க."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. திங்கட்கிழமை காலையிலும் அவள் வரவில்லை.