சத்தத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு கிளெமென்ட் ஸ்டீரியோவைப் போட்டார் என்றால், பத்து மணி ஒரு நிமிடத்துக்கு விக்ரோறியா அடுப்படியிலிருந்து "குறையுங்கோ!" என்று கத்துவாள். தகனினியில் இந்தப் புது வீட்டுக்கு வந்த மூன்று வருடமாக இது ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் போலத் தவறாமல் நடந்துவந்தது.

இதைச் சண்டை என்று சொன்னால் இரண்டு பேருக்குமே கோபம் வரும். பாட்டென்றால் நெஞ்சில் வந்து இடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அதை எதற்குப் போடுவான் என்பது கிளெமென்டின் கட்சி. சத்தம் கூடினால் தலையிடிக்கும், பாட்டு அடுப்படி வரைக்கும் வரலாம், வீதியோரத் தபால்பெட்டியைத் தாண்டக்கூடாது என்பது விக்ரோறியாவின் கட்சி. சந்தேகம் வந்தால் கையில் அகப்பையோடு, வீட்டுச் செருப்போடு தபால்பெட்டி வரைக்கும் நடந்துபோய் நின்று காது கொடுத்துப் பார்ப்பாள். அங்கே நின்று "கேக்குது! இஞ்சையும் கேக்குது!" என்று அவள் கத்துவது மட்டும் உள்ளே இருப்பவருக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் பயத்துக்கும் காரணம் இருந்தது. மனுரேவாவில் வாடகைக்கு இருந்த காலத்தில் யாரோ முறைப்பாடு செய்து, இரைச்சலைக் கவனிக்கிற நகரசபை ஆள் ஒருவன் கடதாசியோடு வாசலில் வந்து நின்றான். வீடு தேடி வந்த மனிதனை வாசலோடு அனுப்பலாமா? கிளெமென்ட் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து, "இதையும் கேட்டுப்பார்" என்று இன்னொரு பாட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் காட்டினார். அவன் ரோல்ஸைச் சாப்பிட்டு முடித்து, கடதாசியையும் கொடுத்துவிட்டுத்தான் போனான். அந்த வெட்கம் விக்ரோறியாவுக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அதனால்தான் புது வீட்டில் ஸ்டீரியோவைத் தூக்கிவைத்த அன்றைக்கே, சத்தம் கூட்டும் திருகிக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். "இதுதான் எல்லை. இதைத் தாண்டினால் பெட்டி கராஜுக்குப் போகும்" என்றாள். கிளெமென்ட் முணுமுணுத்தாலும் சொன்ன சொல்லை மீறாத மனிதர். புள்ளி மட்டும் திருப்புவார், ஒரு மயிரிழையும் தாண்டமாட்டார். அவள் கத்துவது கத்துவதுதான், அது வேறு விஷயம்.

அந்தப் புள்ளி அவருக்கு வேறொரு விதத்திலும் தேவைப்பட்டது. பத்தொன்பது வருடமாக மரம் அரியும் தொழிற்சாலையில் வேலை. காதை மூடத் தந்த கவசத்தைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்த வீரர்களில் அவரும் ஒருவர். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் காதுக்குள் மெஷின் வைத்துக்கொண்டு வந்தபோது அவருக்கும் பயம் பிடித்தது. மாதத்தில் ஒருநாள் நடக்கும் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பவர் அவர்தான். பாடகர் குழுவுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். போன மாதம் சுவாமியார் செபத்தை முடிக்க முன்னமே இவர் காணிக்கைப் பாட்டைத் தொடங்கிவிட்டார். குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மன்னாரிலிருந்து புதிதாக வந்த அன்றூ, அவனும் கீபோர்ட் வாசிப்பவன், நல்ல பிள்ளைதான், பின்னால் நின்று விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான். அந்தக் கீபோர்டை விட்டு எழும்பவேண்டி வந்தால் தான் பிறகு யார் என்று கிளெமென்டுக்குத் தெரியவில்லை.

பயம் வரும்போதெல்லாம் அவர் புள்ளியைப் பார்ப்பார். மூன்று வருடமாக அதே புள்ளி, அதே பாட்டு, அதே இடி. காது போயிருந்தால் இன்னும் கூட்டத் தோன்றாதா? இந்த நியாயத்தைச் சுவாமியாரிடமும் சொல்லியிருந்தார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்க, வீடு துடைக்கும் வேலையில் ஸ்டீரியோ அவர் பங்குக்கு வந்தது. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் திருகியைச் சுற்றித் துடைத்தார். உச்சியில், பன்னிரண்டு மணி இருக்கவேண்டிய இடத்தில், சிவப்புப் புள்ளி பளிச்சென்று இருந்தது. அதற்கு இடப்பக்கம் மங்கலாக இன்னொன்று தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அழித்தும் அழியாத இளஞ்சிவப்புத் தடங்கள், எண்ணினால் ஆறு, ஒன்பது மணி வரைக்கும் இறங்கிப் போயின.

அட கள்ளி! புள்ளியை நகர்த்தியிருக்கிறாள். இத்தனை நாளும் என் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடியிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கூப்பிட வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். குறைத்திருந்தால் பழைய தடங்கள் வலப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும்?

பாட்டைப் போட்டு, திருகியை ஒன்பது மணித் தடத்துக்குக் கொண்டுவந்தார். தட்டு சுற்றுவது தெரிந்தது. எங்கேயோ ஒரு ஈ இரைவதுபோல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். அறைக்குள்ளிருந்து மகள் ஷாரோன் எட்டிப் பார்த்தாள். "அப்பா! ஃபைனலி! திஸ் இஸ் நோர்மல்!" என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

விக்ரோறியா கையைத் துடைத்தபடி வந்து, திருகி நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது என்ன வேலை?" என்றார்.

"ரிவிக்குச் சத்தம் கூட்டத் தொடங்கினியளெல்லோ, அப்பவே எனக்கு விளங்கிச்சுது. சொன்னால் உடைஞ்சு போவியள். பாத்தன், நீங்கள் வேலைக்குப் போன நேரம் புள்ளியைத் தள்ளி வைச்சன்."

"அப்ப ஏன் கிழமைக்குக் கிழமை குறையுங்கோ குறையுங்கோ எண்டு கத்தினனீர்?"

"கத்தாட்டி உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே."

அப்போதுதான் அவள் காதோரம் வெள்ளையாக எதுவோ துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பஞ்சு. குளிருக்கு வைக்கிறாள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். டிசம்பரில் கோடை கொளுத்தும் இந்த நாட்டில் என்ன குளிர், மடையா? அவருக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அதற்கும் மேலாலே நன்றி வந்தது. ஒரு மனிசி தன் தலையிடியைப் பஞ்சால் அடைத்துவிட்டு, புருஷனின் மானத்தை ஆறு தரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வைத்திருக்கிறாள். அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"உம்மடை தலையிடி?"

"அது கிடக்கு. தலையிடிக்குப் பனடோல் இருக்கு, உங்கடை முகம் வாடினால் அதுக்கென்ன இருக்கு?"

"கீபோர்டை அன்றூவிட்டைக் குடுக்கவேண்டி வந்தால்?"

"வந்தால் குடுப்பம். வராட்டி வாசிப்பியள். முதல்ல காதைக் காட்டுவம்."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் மூன்று சாட்டுச் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை லீவு போடுறன். நீரும் வாரும்" என்றார்.

எப்சத்தில் காது சோதிக்கிற ஒரு சின்ன இடம். காது பார்க்கும் பெண் அவரை அலமாரி மாதிரி ஒரு பெட்டிக்குள் இருத்தி, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அழுத்தவேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட பயம் முழுவதும் அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. கண்ணாடி வழியே, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் விக்ரோறியா தெரிந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. செபமா, திட்டா, பயப்படாதேயுங்கோ என்ற சொல்லா, ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பொத்தானை அழுத்தினார். உதடுகள் திரும்ப அசைந்தன. திரும்ப அழுத்தினார்.

காது பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே எழுந்துவந்து கதவைத் திறந்தாள்.

"கிளெமென்ட், நான் இன்னும் தொடங்கவே இல்லை" என்று ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னாள்.

அவர் சரியென்று தலையாட்டினார். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விக்ரோறியா விடாமல் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பொத்தானிலிருந்து பெருவிரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.