ஜெரெஜாக்கிலிருந்து வந்த படகு

நல்லம்மாளின் புருஷன் ஞானமுத்துவுக்குப் பெருவியாதி என்று டாக்டர் சொன்ன அந்த வாரமே அவனை, குஷ்டரோகிகளை ஒதுக்கி வைக்கும் ஜெரெஜாக் தீவுக்குப் படகேற்றிவிட்டார்கள். துறைமுகத்தில் தொங்காங் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவன் அவன். இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போனதை வெகுகாலம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். கரையில் நின்றால் தீவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போன யாரும் திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டில் நல்லம்மாளும் கைக்குழந்தை சாமுவேலும் மிஞ்சினார்கள். அவள் விற்ற இடியாப்பத்தை அதன்பிறகு ஒருவரும் வாங்கவில்லை. கோயிலிலும் அதே கதைதான். கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் பெற்றவள் அவள். கர்த்தரை அவளுக்குப் பழக்கப்படுத்தியதே ஞானமுத்துதான். நற்கருணை அன்று சபையார் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் அருந்துவது வழக்கம். அவள் எழுந்து முன்னால் போனதும் பின்னால் வந்தவர்கள் தயங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த முறையிலிருந்து எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்து கடைசி ஆளாகப் போனாள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு நூர் பீவிதான் கைகொடுத்தாள். பாசாரில் வடை சுட்டு விற்கிறவள் அவள்.

"உளுந்த நீ ஆட்டிக் குடு நல்லம்மா. ஊரு வாய நான் பாத்துக்கிறேன்" என்றாள். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தபோது, "வேணும்னா வாங்கு, வேணாம்னா நடையக் கட்டு" என்று சொல்லிவிட்டாள். வடையின் ருசி யாரையும் நடையைக் கட்ட விடவில்லை.

அந்த வருஷத்து மழையில் சாமுவேலுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்குக் கேட்கவில்லை. விடியுமுன் குழந்தை தாயின் மடியிலேயே அடங்கிப்போனது.

புக்கிட் தெங்காவில் தோட்ட வேலை பார்த்த அண்ணன் சுப்பையா செய்தி கேட்டு ஓடி வந்தான். குருவானவரோடு சேர்ந்து அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கியவனும் அவன்தான். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கெளம்பு தங்கச்சி. எங்களோட வந்து இரு. இந்த வேதத்துல சேந்து நீ என்னத்தக் கண்ட?"

"ஒண்ணும் காணலண்ணே."

"அப்புறம் என்ன?"

"காணும்போது மட்டும் இருந்துக்கிறேன்னு நான் வாக்குக் குடுக்கலயே" என்றாள் நல்லம்மாள். சுப்பையா கொண்டுவந்த அரிசியை அடுக்களையில் வைத்துவிட்டுப் போனான்.

மாதம் ஒருமுறை தீவுக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டு. கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு பிள்ளை போய்விட்டதை அவள் சொன்னாள். ஞானமுத்து வேலியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"இன்னும் கோயிலுக்குப் போறியா?"

"போறேன்."

"நான் ஜெபம் பண்றத விட்டுட்டேன். உனக்குக் கோவம் வரலியா?"

"வராம என்ன? கோவத்தோடதான் போறேன். திட்டுறதுக்கும் எனக்கு அவர விட்டா ஆளில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களால முடியலன்னா விடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நான் புடிச்சுக்கிறேன்."

வருஷங்கள் ஓடின. தீவில் அவனுக்கு எண்ணெய் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள்; வலி உயிர் போகும். மழையோ வெயிலோ, அவள் ஒரு மாதமும் தவறவில்லை, ஒரு ஞாயிறும் தவறவில்லை. சில ஞாயிறுகளில் பாட்டு வாயில் வராது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

ஒருநாள் காலையில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தபோது குருவானவர் வேர்க்க விறுவிறுக்க வாசலுக்கு வந்தார்.

"ஞானமுத்துவ விடுறாங்கம்மா! எத்தனையோ தடவ சோதிச்சுப் பாத்துட்டாங்க, நோய் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டார். நாளைக்குப் படகு."

அவள் மாவுக் கையோடு எழுந்து நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நூர் பீவி ஓடி வந்து, விஷயம் புரிந்ததும் அவளும் சேர்ந்து அழுதாள்.

மறுநாள் ஜெலுத்தோங் கரையில் சம்பான் படகு ஒதுங்கியது. ஞானமுத்து இறங்கினான். தலை நரைத்திருந்தது. இடது கையைத் துண்டால் மூடியிருந்தான். பழக்கத்தில் அவளிடமிருந்து நாலடி தள்ளியே நின்றான். அவள் போய்த் துண்டை விலக்கி, மடங்கிப்போன அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, சனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

வீட்டில் நூர் பீவி மீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் வாசற்படியிலேயே தயங்கி நின்றான்.

"உள்ள வாங்க தம்பி, சோறு ஆறுது லா!" என்று அதட்டினாள்.

அவன் வயிறாரச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு மெதுவாகச் சொன்னான். "நாளைக்குப் பையன் இருக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"போலாங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு?"

"வரேன். ஆனா எனக்கும் அவருக்கும் பேசித் தீக்க வேண்டியது நெறய இருக்கு."

"பேசுங்க. எவ்வளவு வேணா பேசுங்க. அவரு கேட்டுக்குவாரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

பாய் விரித்ததும் தூங்கிப்போனான். குறட்டைச் சத்தம் சுவரைத் தாண்டிப் போனது.

"நல்லம்மா, இந்தச் சத்தத்துல நான் எப்படிப் படுக்கிறது?" என்று நூர் பீவி அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"பழகிக்குங்கக்கா" என்றாள் நல்லம்மாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு வார்த்தை அவளுக்கு வரவில்லை.