அரசருக்குக் கொடுத்த நாற்காலி

டமாஸ்கஸில் எங்களுக்கென்று ஓர் அரசர் வரப்போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வாரத்தில், பஹ்ஜத் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். தந்தி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, அப்போதுதான் அரண்மனை வேலைக்குப் போயிருந்தான். என் கணவர் ஷுக்ரி நெய் வியாபாரி. இருவரும் முன்னறையில் பேச, நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

முடிசூட்டு விழாவுக்குச் சிம்மாசனம் இல்லையாம். போர்க்காலக் குளிரில் ஊரின் நல்ல மரச்சாமான்களெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன. எங்கள் வீட்டில் முத்துச்சிப்பி பதித்த பெரிய நாற்காலி இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்டு முடிப்பதற்குள் கணவர் சம்மதித்துவிட்டார்.

அவன் போனதும் நான் வெளியே வந்தேன்.

"அது எங்க அப்பா எனக்குக் கொடுத்தது. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உம் அத்னான், கேட்டது ராஜா." எங்கள் பிள்ளை அத்னானின் பெயரால் ஊரில் நான் உம் அத்னான், அவர் அபூ அத்னான்.

"கேட்டது தந்தி ஆபீஸ் பையன்."

விழா அன்று மர்ஜே சதுக்கத்துக்குப் போனவர், நசுங்கிய தொப்பியோடும் கட்டிய தொண்டையோடும் திரும்பினார். கூட்டத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகுதான். ஆனாலும் அரசர் எந்தக் கையை எங்கே வைத்து உட்கார்ந்தார் என்று அன்று மாலையே தெரு முழுக்க விவரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மொட்டைமாடியிலிருந்து அந்தப் புதுக்கொடியைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியிருந்தது. அதுவரை எங்களை ஆண்ட துருக்கியர் தங்கள் போருக்குப் பிடித்துப்போன என் தம்பிகள் யாரும் திரும்பியிருக்கவில்லை. இனி அடுத்தவர் சண்டைக்கு யாரும் நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அதன்பின் கணவரைப் பிடிக்க முடியவில்லை. அரசருக்கே நாற்காலி கொடுத்தவன் கண்ட நாற்காலியில் உட்காரலாமா என்று காபிக் கடையில் நின்றுகொண்டே குடித்தார். பக்கத்துக் கடைக் கசாப்புக்காரர் ஃபவ்ஸி விடுவாரா?

"அபூ அத்னானை உட்காரச் சொல்லாதீங்கப்பா. அவர் நின்னு தாங்கிப் பிடிக்கிறதாலதான் ராஜ்ஜியம் நிக்குது."

கணவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். எப்படியும் ஆலோசனை சபைக்கு அழைப்பு வரும் என்று நம்பி, நாட்டின் நெய் நிலைமை பற்றி ஓர் உரை தயாரித்தார். நான் குழம்பைக் கிளறும்போதெல்லாம் அதைக் கேட்டேன். அழைப்பு மட்டும் வரவில்லை.

கோடையில் வந்தது பிரெஞ்சுப் படை. மைசலூன் கணவாயில் அவர்களைத் தடுக்க, துப்பாக்கி இருந்தவனும் இல்லாதவனும் ஓடினார்கள். ஃபவ்ஸியும் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். காலில் குண்டுக் காயத்தோடு திரும்பியவர் பல நாள் யாரையும் கேலி செய்யவில்லை. அரசர் ரயிலேறித் தெற்கே போய்விட்டார். வசந்தத்தில் வந்த ராஜ்ஜியம் முலாம்பழக் காலம் முடிவதற்குள் போய்விட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் நகருக்குள் வந்த மறுநாள் காலை, ஒரு கழுதை வண்டி எங்கள் வாசலில் நின்றது. மேலே நாற்காலி, பக்கத்தில் பஹ்ஜத்.

"அரண்மனையில ஆளாளுக்கு அள்ளிக்கிட்டுப் போறாங்க. உங்க பொருளை உங்ககிட்ட சேர்த்துடணும்னு வந்தேன், அபூ அத்னான்."

கணவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "இது எங்களோடது இல்லப்பா. வேற வீடா இருக்கும்."

தெருவே வாய்விட்டுச் சிரித்தது. அந்த நாற்காலியின் கதையைக் கேட்காத ஆள் எங்கள் பேட்டையில் யாருமில்லை. நான் கதவிடுக்கிலிருந்து, உள்ளே கொண்டுவாப்பா என்றேன்.

அரண்மனைப் பொருளைத் தேடிப் பிரெஞ்சுக்காரர்கள் வீடு வீடாக வருகிறார்கள், விறகாகப் பிளந்துவிடலாம் என்று கணவர் கோடரியோடு முற்றத்தில் வந்து நின்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சுரைக்காய்ப் பிஞ்சுகளை மடியில் போட்டு, சோறு அடைப்பதற்காகக் குடைய ஆரம்பித்தேன்.

மதியத்துக்குமுன் ஒரு பிரெஞ்சு அதிகாரி வந்தார். கூட, பெய்ரூத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன். அதிகாரி நாற்காலியைக் காட்டி என்னவோ கேட்டார்.

"அம்மா... கொஞ்சம் எழுந்திருக்க முடியுமான்னு..." என்று அவன் தரையைப் பார்த்து இழுத்தான்.

"உங்க வீட்டுல வேத்து ஆம்பள வந்து உங்கம்மாவை எழுந்திருக்கச் சொன்னா, நீ என்னப்பா செய்வே?"

அவன் காதுவரை சிவந்தான். அதிகாரியிடம் பிரெஞ்சில் வெகுநேரம் பேசினான். என்ன சொன்னானோ, அவர் குதிகாலைத் தட்டி எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

கோடரியோடு நின்ற கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஹ்ஜத்தை மதியச் சாப்பாட்டுக்கு இருத்திக்கொண்டோம். சாப்பிட்டு முடித்ததும் கணவர் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. ராஜா சௌகரியமா உட்கார்ந்தாரா?"

பஹ்ஜத் தயங்கினான். "உட்கார விட்டாதானே? வாழ்த்துச் சொல்ல வந்துக்கிட்டே இருந்தாங்க, அவரும் எழுந்து எழுந்து நின்னாரு. ஒரு காபி குடிக்கிற நேரம் உட்கார்ந்திருப்பாரு."

"காபி குடிச்சாரா?"

"குடிச்சாரு."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகையில் தோள்கள் குலுங்கின. அந்தப் பெருமையடித்த மாதங்களில் எனக்கு அவர்மேல் வராத பிரியம் அப்போது வந்தது.

வேலை போன பஹ்ஜத்தை நெய்க்கடையில் சேர்த்துக்கொண்டார். அவனுக்கோ அரண்மனைப் பழக்கம் விடவில்லை. நெய்யைக் கொடுத்துவிட்டு, வாங்கியவருக்கு முதுகு காட்டாமல் வணங்கியபடியே பின்னால் நகர்வான். ஒருநாள் அப்படியே போய் ஆலிவ் எண்ணெய்த் தொட்டியில் உட்கார்ந்துவிட்டான். அந்த வாரம் அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. ஃபவ்ஸிகூட நொண்டிக்கொண்டே வந்து, இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.