இடக்கைச் சத்தியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது. ஒரு பிப்ரவரியில், மெக்ஸிகோவின் அரசியல் சாசன நாள் விடுமுறையன்று, வெயிலுக்கு ஒதுங்கி ஒரு நகராட்சிக் கட்டடத்தின் நடைகூடத்துக்குள் நுழைந்தேன். உலகத்துச் சாசனங்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒரு நாட்டில் சாசனத்தைக் கற்பலகையாக வரைந்து ஒரு தேவதையின் கையில் கொடுத்திருந்தார்கள். இன்னொரு நாட்டில், சாசனம் நிறைவேறிய நாளை நூறு வருஷம் கழித்து ஒருவர் ஓவியமாகத் தீட்டியிருந்தார், அன்றைக்கு அங்கே இல்லாதவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு. நம்முடையதும் இருந்தது: கையால் எழுதிச் சித்திரம் போட்ட அந்தப் பெரிய புத்தகம். அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். மெக்ஸிகோவில் பாதி ஆயுசைக் கழித்தவன்தான், ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே.

கடைசியில் ஒரு புகைப்படம். கோட்டு போட்ட ஆண்கள் கையை முன்னால் நீட்டிச் சாசனத்தின் மேல் உறுதி சொல்கிறார்கள். அத்தனை பேரும் இடது கையை நீட்டியிருந்தார்கள். பீச்சாங்கையால் சத்தியம்! படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள் என்று புரிந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கைகள் என்னை விடவில்லை.

இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. சான் தமாசோ என்ற மெக்ஸிகோ ஊரும் ஒத்திலியாவும் கூக்காவும் அனக்லேத்தோவும் இந்தத் தாளுக்கு வெளியே கிடையாது.

2

எப்படித் தொடங்குவது?

"1917ஆம் ஆண்டு, புரட்சியின் புகை இன்னும் அடங்காத அந்த—" (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

"கண்ணாடித் தகடுகளைத் தூக்கும்போது ஒத்திலியா மூச்சு விடமாட்டாள், ஏனென்றால்—" (இது பரவாயில்லை. ஆனால் 'ஏனென்றால்' வந்ததும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

"சான் தமாசோவில் இரண்டே கட்சிதான்: படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள்." சரி, இதையே வைத்துக்கொள்வோம்.

3

சான் தமாசோவில் இரண்டே கட்சிதான். நகராட்சி மாடிப்படி முகப்பில் நூறு வருஷமாக ஒரு படம் தொங்குகிறது. புதிய சாசனத்துக்கு ஊர்ச் சபை உறுதி சொன்ன நாளில் எடுத்தது. ஒன்பது பேர். எட்டுப் பேர் இடது கையை நீட்டுகிறார்கள். இரண்டாம் வரிசையில், முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒல்லி மனிதர் மட்டும் வலது கையை நீட்டுகிறார். அவர்தான் அனக்லேத்தோ.

ஊருக்கு இது போதாதா? எட்டுப் பேரும் திருடர்கள், உறுதி செல்லாமல் போகட்டும் என்று வேண்டுமென்றே இடக்கையை நீட்டினார்கள், அனக்லேத்தோ ஒருவர்தான் யோக்கியர் என்று கதை கட்டிவிட்டார்கள். சாசனத்தில் ஒவ்வொரு திருத்தம் வரும்போதும், "இடக்கையால சொன்னது எப்படி நிக்கும்? தச்சுத் தச்சுத்தான் போடணும்" என்பார்கள். படத்தின் ஜன்னலில் தேவாலயக் கோபுரம் தவறான பக்கத்தில் தெரியும். அதைக் கேட்டால், "அந்தக் காலத்துல கோபுரம் அந்தப் பக்கம் இருந்துச்சு" என்று கூசாமல் சொல்வார்கள். கதையைக் காப்பாற்றக் கோபுரத்தையே நகர்த்திய ஊர்.

அனக்லேத்தோவின் கொள்ளுப்பேத்தி கூக்கா. நகராட்சிக்கு எதிரே சோளமாவு தமால் விற்கிறாள். கடைப் பெயர் 'வலது கை'. பெயர்ப் பலகையில் கொள்ளுத்தாத்தா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கணவன் விட்டுப் போன வருஷம், ஊரே வாய்க்கு வந்ததைப் பேசியபோது, அந்தப் பலகையின் கீழே நின்றுதான் அவள் நிமிர்ந்தாள். "நாங்க சொன்ன சொல் மாறாத வம்சம்" என்பாள். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், சுவரில் சாட்சி இருக்கிறதே.

ஒத்திலியா நகராட்சிப் படக்காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். கூக்காவின் மகளுக்கு ஞானத்தாய், அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இந்த வருஷம் சாசன நாளுக்கு உலகப் படங்களின் கண்காட்சி, நடுவில் சொந்த ஊர்ப் படம் சுவர் அளவுக்கு. அதற்காக ஒத்திலியா பழைய கண்ணாடித் தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஒரு பக்கம் பளபளப்பு, மறு பக்கம் மருந்து பூசிய மங்கல். பக்கம் மாற்றி வைத்தால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். மங்கல் பக்கத்தைச் சரியாக வைத்துக் கணினியில் ஏற்றினாள்.

கோட்டுப் பொத்தான்கள் ஆண்கள் பக்கத்துக்கு வந்தன. கோபுரம் தன் இடத்துக்கு வந்தது. எட்டுப் பேரின் வலது கைகள் முன்னால் நீண்டன.

அனக்லேத்தோ இடது கையை நீட்டினார்.

4

(* குறிப்பு மாதிரி ஒன்று. விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் நஷ்டம் உங்களுக்கு. இந்த நாட்டில் பதவி ஏற்கிறவர்கள் கடவுள் பெயரால் ஆணையிடுவதில்லை. கோயில் வேறு, அரசு வேறு என்று பிரித்த நாளிலிருந்து 'ப்ரொதெஸ்தோ' என்கிறார்கள். எல்லார் முன்னிலையிலும் உறுதி சொல்கிறேன் என்று பொருள். தெருவில் பதாகை பிடித்துக் கத்துகிறவனும் அதே சொல்லைத்தான் கத்துகிறான், அங்கே எதிர்க்கிறேன் என்று பொருள். உறுதிக்கும் எதிர்ப்புக்கும் ஒரே சொல். உறுதி சொன்ன பிறகு இன்னொரு வாக்கியம் வரும்: தவறினால் நாடு என்னிடம் கணக்குக் கேட்கட்டும். முதன்முதலாக அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாவது சர்க்கரைப் பொங்கலாவது என்று வளர்ந்தவன் நான். தன்னைப் போன்ற மனிதர்கள் எழுதிய ஒரு தாளின் முன்னால் கையை நீட்டி, "என்னைக் கேள்" என்று சொல்ல மனிதனுக்கு எப்படித் தைரியம் வந்தது? இன்றைக்கும் எனக்கு அது அதிசயம்தான்.)

5

பிப்ரவரி இரண்டு. ஜனவரித் திருநாள் அப்பத்துக்குள் ஒளித்துவைத்த பொம்மை எவர் துண்டில் வந்ததோ, அவர் மற்ற எல்லாருக்கும் தமால் வாங்கித்தரும் நாள். பொம்மை ஒத்திலியாவுக்குத்தான் கிடைத்திருந்தது. கூக்கா ஆவி பறக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு வந்தாள்.

"இந்தா கொமாத்ரே, பச்சை மிளகா ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம். உன் மூஞ்சி ஏன் ஊசிப்போன தமால் மாதிரி இருக்கு?"

"உக்காரு, கூக்கா. ஒண்ணு காட்டணும்."

காட்டினாள். கூக்கா முதலில் சிரித்தாள்.

"திருப்பிப் போட்டுட்டியாடி. மூக்குக் கண்ணாடிய மாத்து மாத்துன்னு சொன்னேன்ல."

"நான் திருப்பிப் போடல. இப்பத்தான் நேரா இருக்கு. பொத்தானைப் பாரு. கோபுரத்தைப் பாரு."

கூக்கா கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக நிஜக் கோபுரத்தைப் பார்த்தாள். முந்தானைபோல் கட்டியிருந்த ஏப்ரன் துணியில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

(திருத்தம்: 'முந்தானைபோல்' வேண்டாம். கொஞ்சம் விட்டால் அவளுக்குப் புடவையே கட்டிவிடுவேன். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.)

"அப்போ மத்தவங்க எல்லாம் சரி. எங்க தாத்தா மட்டும் பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"ஊர் சொல்லும். 'வலது கை' வலது கைன்னு பீத்திக்கிட்டாளே, கடைசில அவ தாத்தாதான் பீச்சாங்கைன்னு சொல்லும். இதைத்தான் சுவரு முழுக்க மாட்டப்போறியா? உன் ஞானமகளும் அந்தப் படியைத் தாண்டித்தானே ஸ்கூலுக்குப் போறா?"

"பொய்யை மாட்டச் சொல்றியா, கொமாத்ரே?"

"நூறு வருஷம் தொங்கிச்சே, யாரு செத்தா?"

6

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

கூக்காவை என்னால் நம்ப முடியவில்லை. முதல் வரைவில் அவள் அழுதாள். அழுகிற பெண்ணை எழுதுவது எனக்குச் சுலபம், அதனாலேயே சந்தேகம் வந்தது. இரண்டாம் வரைவில் உண்மைக்குத் தலைவணங்கிப் பலகையைக் கழற்றினாள். அது பொதுக்கூட்டப் பேச்சு. தமால் அண்டாவைத் தூக்குகிறவள் அவ்வளவு லேசில் எதையும் கீழே வைக்கமாட்டாள். எனவே, அவள் செய்யக்கூடியதைச் செய்ய விட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

7

"பெருசாக்கு" என்றாள் கூக்கா. "எங்க தாத்தா வலது கையைக் காட்டு. சும்மா எல்லாம் தொங்கவிட்டிருக்க மாட்டாரு. வேலை இல்லாத கை எங்க வம்சத்துலயே கிடையாது."

ஒத்திலியா பெரிதாக்கினாள். அனக்லேத்தோவின் வலது தோளிலிருந்து கை முன்னால் நிற்பவரின் முதுகுக்குப் பின்னே போய் மறைந்தது. பழைய அச்சில் அங்கே வெறும் கறுப்பு. தகட்டில் கறுப்புக்குள்ளும் விவரம் இருந்தது. அவள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். முன்னால் நிற்பவரின் நீட்டிய வலது கைக்குக் கீழே, முழங்கையில், கோட்டு மடிப்பு என்று எல்லாரும் நினைத்திருந்த இடத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன.

நூறு வருஷமாக எத்தனையோ பேர் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் படாமல் அந்த விரல்கள் அங்கேயே பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. எழுதும்போது எனக்கே மூச்சு நின்றது என்றால் நம்புவீர்களா? நான்தான் அவற்றை அங்கே வைத்தேன், ஆனாலும் நின்றது.

"தாங்கிப் பிடிச்சிருக்காரு!" கூக்கா திரையைத் தொட்டுக் காட்டினாள். "அந்தாளுக்கு நிக்க முடியல. காய்ச்சலோ குண்டடியோ. தன் வலது கையை அவருக்குக் குடுத்துட்டு, மிச்சமிருந்த கையால உறுதி சொல்லியிருக்காரு. வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு சாமியார் பூசையில படிப்பாரே, அதேதான்டி!"

ஒத்திலியா முன்னால் நிற்பவரின் முகத்துக்கு நகர்ந்தாள். மற்ற எட்டு முகமும் தெளிவு. அந்த முகம் மட்டும் கலங்கியிருந்தது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தவர் கலங்குவார்.

"கொமாத்ரே," என்றாள் மெதுவாக, "இவரு அசைஞ்சிருக்காரு."

"நடுக்கம். அதான் சொன்னேனே, காய்ச்சல்னு."

"நடுக்கமா இருக்கலாம். திமிறியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்."

கூக்காவுக்குப் புரிந்தது. அந்த மனிதர் உறுதி சொல்ல மறுத்திருக்கலாம். அவர் மனசுக்குள் சொன்னது அந்த இன்னொரு 'ப்ரொதெஸ்தோ'வாக இருக்கலாம். அனக்லேத்தோ பின்னாலிருந்து முழங்கையை நெம்பி, அவர் கையைத் தூக்கவைத்திருக்கலாம். புரட்சி முடிந்த ஊர்களில் அதுவும் நடக்கக்கூடியதுதான்.

8

முடிவுகள்.

அ) கூக்கா கோபித்துக்கொண்டு போகிறாள், படம் பழையபடி திருப்பி மாட்டப்படுகிறது, கோபுரம் மறுபடி இடம் மாறுகிறது. (ஊருக்குப் பிடிக்கும்.)

ஆ) ஒரு பழைய ஆவணம் கிடைத்து எல்லாம் விளங்கி— (சீ, வேண்டாம்.)

இ) நடந்தது.

கூக்கா எழுந்தாள். "எந்திரி" என்றாள் ஒத்திலியாவிடம். "அந்தாளு மாதிரி நில்லு. கையை நீட்டு."

ஒத்திலியா நீட்டினாள். கூக்கா பின்னால் போய், முதுகைச் சுற்றித் தன் வலது கையைக் கொண்டுவந்து முழங்கைக்கு அடியில் நான்கு விரலை வைத்தாள். அண்டா தூக்கிக் காய்த்த விரல்கள், சோளமாவு வாசனை. தாங்கினாள். ஒத்திலியாவின் கை லேசானது, நாள் முழுக்க நீட்டச் சொன்னாலும் நீட்டலாம் போலிருந்தது.

பிறகு, விரலை நகர்த்தாமலே, கூக்கா இறுக்கினாள்.

"ஆ! விடுடி!" ஒத்திலியா திமிறினாள்.

எதிரே, அணைந்துபோன கணினித் திரையில் இருவரின் நிழலும் தெரிந்தது. இரண்டு தடவையும் அதே நான்கு விரல்தான், அதே இடத்தில்தான்.

"பார்த்தியா," என்றாள் கூக்கா, கையை எடுக்காமல். "பிடிச்சவளுக்கும் பிடிபட்டவளுக்கும்தான் தெரியும். படத்துக்குத் தெரியாது." பிறகு கையை எடுத்துவிட்டு, "நேராவே மாட்டு, கொமாத்ரே. கடைப் பேரை மாத்த மாட்டேன். வேலை செஞ்சது வலது கைதான். என்ன வேலைன்னு வர்றவங்க கேக்கட்டும், தெரியாதுன்னு சொல்றேன். அதைச் சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும்ல?" என்றாள். தமால் ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதைத்தான் தின்றார்கள்.

9

சாசன நாள் காலை. படம் சுவர் முழுக்க, நேராக. அதன் கீழே ஒத்திலியா ஒட்ட வேண்டிய சிறு அட்டை: "பெயர் தெரியாத ஒருவர் உறுதி சொல்கிறார். அவர் முழங்கையை அனக்லேத்தோ—"

இங்கே அவளுக்கும் எனக்கும் ஒரே தொல்லை. 'தாங்குகிறார்' என்றால் ஒன்று, 'நெம்புகிறார்' என்றால் இன்னொன்று. தமிழில் எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 'பிடித்திருக்கிறார்' என்று எழுதிவிட்டு நழுவலாம். அவளுக்குத் தமிழ் கிடையாது, எனவே நானும் நழுவப் போவதில்லை.

அட்டையை அப்படியே, வினைச்சொல் இல்லாமல், ஒட்டிவிட்டாள். பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். முதல் ஆளாகப் படியேறி வந்த கூக்கா பென்சிலை எடுத்தாள், முனையைப் பார்த்தாள், திரும்பத் தொங்கவிட்டாள். உங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறாள்.

பென்சில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. எடுப்பதற்கு முன்னால், உங்கள் முழங்கைக்கு அடியில் எப்போதாவது யாருடைய விரல்களாவது இருந்தனவா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள். இந்தக் கதையில் நான் எதையாவது திருப்பிப் போட்டிருந்தால், வாசகரே, நீங்கள் என்னிடம் கணக்குக் கேளுங்கள்.